இன்ஜினை தின்னும் உப்பு! நல்ல தண்ணிக்கு எங்கே போவது?

வேதாரண்யம்: உப்புக்கு பேர் போன ஊர் வேதாரண்யம். அதே உப்புதான் மீனவர்களின் டீசல் இன்ஜினுக்கு எமன்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. கடல்நீரை இழுத்து குளிரும் இன்ஜின்களில், கரை வந்ததும் மிச்ச தண்ணீர் காய்ந்து உப்பு படிகிறது. நாளடைவில் வழி அடைபட்டு, நடுக்கடலில் இன்ஜின் 'சூடாயிடுச்சு' என்று நின்றுவிடும். கோடியக்கரை பக்கம் நின்றால், நீரோட்டம் படகை இலங்கை எல்லைக்கே தள்ளிவிடலாம்.

கரை திரும்பியதும் நல்ல தண்ணீர் விட்டு சில நிமிடம் ஓட்டினால் உப்பு கரைந்துவிடும். ஆனால் கொள்ளிடம் கூட்டு குடிநீரை நம்பி குடத்தோடு நிற்கும் ஊரில், தண்ணியை குடிப்பதா, இன்ஜினுக்கு ஊத்துவதா? ஐப்பசி, கார்த்திகை மழையை டிரம்மில் பிடித்து வைப்பதே வழி. அக்டோபர் முதல் மார்ச் வரையிலான கோடியக்கரை சீசனுக்கும் அது கைகொடுக்கும்.

அடுத்தது துத்தநாக கட்டி. கடல்நீரில் இரும்பு, பித்தளைக்கு பதிலாக தான் அரிபட்டு அவற்றை காப்பது இதன் வேலை. கப்பலின் செம்பு தகட்டை காக்க 1824-லேயே ஹம்ப்ரி டேவி சொன்ன யோசனை இது. பாதி தேய்ந்தால் மாற்ற வேண்டும். பெயிண்ட் அடித்தால் வேலை செய்யாது.

மாதக்கணக்கில் தேயவே இல்லையா? சந்தோஷப்பட வேண்டாம். கட்டி உலோகத்தோடு சரியாக ஒட்டவில்லை, இன்ஜின்தான் தேய்கிறது என்று அர்த்தம்!