தாத்தாவோட அம்பாசடரும் அப்பளக் காரும்

உங்க வீட்டிலும் யாராவது இதைச் சொல்லியிருப்பாங்க: "அந்தக் காலத்து வண்டின்னா இரும்புடா. இப்போ வர்றதெல்லாம் தகர டப்பா." எங்க வீட்டில் அது தாத்தாவின் டயலாக். அவருடைய அம்பாசடர் இன்னும் ஷெட்டில் நிற்கிறது. அப்பா ஸ்விஃப்ட் வாங்கிய அன்னைக்கு, தாத்தா பானட்டை விரலால் தட்டிப் பார்த்துட்டு, "இடிச்சா அப்பளம்தான்" என்றார்.

மெக்கானிக்கல் சேரும் வரை நானும் அதை நம்பினேன். இப்போ சொல்றேன்: அப்பளமா நொறுங்கணும். அதுதான் டிசைன்.

யோசிச்சுப் பாருங்க. வேகமா போற வண்டி மோதி நிற்கும்போது அந்த ஆற்றல் எங்கேயாவது போயாகணும். முன்பக்கம் மடங்கி அதை வாங்கிக்கணும். நாம உட்கார்ற கூண்டு மட்டும் மடங்கவே கூடாது. 1950களில் பெலா பரேனி என்ற மெர்சிடிஸ் எஞ்சினியர் கொண்டுவந்த ஐடியா இது. அம்பாசடரோ, பழைய மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு டிசைன். 1957இல் உத்தர்பாராவில் ஆரம்பித்து, 2014 வரை அடிப்படை உடம்பு பெரிதாக மாறாமலே வந்தது.

"பழைய இரும்பு தாங்கும்" என்பவர்களுக்கு 2009இல் அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனையைக் காட்டுங்க. 1959 பெல் ஏர், 2009 மாலிபு, ரெண்டும் செவ்ரோலே. இரண்டையும் 64 கிலோமீட்டர் வேகத்தில் நேருக்கு நேர், பாதி முகம் மோதும்படி விட்டாங்க. பெல் ஏரில் டிரைவர் உட்கார்ந்த இடமே நசுங்கிப்போச்சு. மாலிபுவில் கூண்டு நின்றது. நிஜ டிரைவரா இருந்தா காலில் சின்ன காயத்தோட தப்பிச்சிருப்பார்.

ஒரு விஷயத்தில் நான் தாத்தா கட்சி. அம்பாசடர் வழியில் நின்னா, ஒரு ஸ்பேனர் செட்டோட எந்த ஊர் மெக்கானிக்கும் கை வைப்பார். புது காரில் ஒரு லைட் எரிஞ்சாலே ஸ்கேனர் தேடணும். அந்த எளிமையை நாம இழந்துட்டோம், உண்மைதான். ஆனா ரிப்பேர் பண்ண முடியாத ஒண்ணு உள்ளே உட்கார்ந்திருக்கே!

போன மாசம் குலதெய்வம் கோயிலுக்குக் கிளம்பும்போது, தங்கச்சியை அம்பாசடரில் ஏறச் சொன்னார் தாத்தா. பின் சீட்டில் பெல்ட்டே கிடையாது. நான் சண்டை போடலை. அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். ரெண்டு தடவை பார்த்தார். அப்புறம் ஸ்விஃப்டில் ஏறி, "பெல்ட் எங்கடா மாட்டணும்?" என்றார்.

உங்க தாத்தாவுக்கும் காட்டுங்க. அம்பாசடரை விற்கச் சொல்லாதீங்க. ஞாயிற்றுக்கிழமை துடைச்சு, தெருவில் ஒரு ரவுண்டு போகட்டும். ஹைவேக்கு அப்பளமே போதும்.