ஈ.சி. கிளீன், பட்டாவும் இருக்கு... அது போதுமா? போளூர்ல மனை வாங்கும் முன் ஆவணங்களைத் தேடுவது எப்படி?

போளூரிலோ ஆரணி ரோட்டிலோ ஒரு மனை விலைக்கு வந்தால் தரகர் முதலில் சொல்வது இதுதான்: “ஈ.சி. கிளீன் சார், பட்டாவும் இருக்கு.” சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கொண்டு ஊரில் இடம் தேடுபவர்களில் பலர் இந்த ஒரு வரியை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். அந்த இரண்டு காகிதமும் உண்மையில் என்ன சொல்கின்றன, எதைச் சொல்வதில்லை?

அடுத்தவர் சொத்து விவரத்தை நான் பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் அரசுப் பதிவேடுகளைப் பார்க்கும் உரிமையை 1992-இல் மாநில அரசமைப்பிலேயே சேர்த்தார்கள். நம் நாட்டில் நிலப் பத்திரங்களுக்கு அப்படியொரு கதவை 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் எப்போதோ திறந்துவிட்டது. அதன் 57-வது பிரிவின்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் 1-ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உரிமையாளரின் அனுமதி தேவையில்லை.

வில்லங்கச் சான்று: எங்கே, எப்படி?

பதிவுத்துறையின் ‘டிஎன்ரெஜிநெட்’ தளத்தில் மின்னணுச் சேவைகளுக்குள் வில்லங்கச் சான்று பகுதி இருக்கிறது. சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், தேதி வரம்பு ஆகியவற்றைக் கொடுத்தால், அந்த நிலத்தில் பதிவான விற்பனை, அடமானம், தானம், பாகப்பிரிவினை எல்லாம் வரிசையாக வரும். பத்திர எண்ணை வைத்தும் தேடலாம்.

இரண்டு இடத்தில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

ஒன்று, உட்பிரிவு. இன்று 125/2ஏ என்று இருக்கும் இடம் முன்பு 125/2 ஆகவோ வெறும் 125 ஆகவோ இருந்திருக்கும். புது எண்ணை மட்டும் போட்டால் பழைய அடமானம் கண்ணில் படாது. மூன்றையும் போட்டுத் தேடுங்கள்.

இரண்டு, ஊர் எல்லை. திருவண்ணாமலை மாவட்டம் உருவானது 1989-இல். அதற்கு முந்தைய பத்திரங்களில் போளூர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருக்கும். பின்னாளில் கலசபாக்கம், ஜமுனாமரத்தூர் எனத் தனி வட்டங்களும் வந்தன. ஆகவே மூலப்பத்திரத்தில் கிராமமும் வட்டமும் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பார்த்துவிட்டுத் தேடுவது நல்லது. இணையத்தில் கிடைக்காத பழைய காலத்துக்குப் பத்திர ஆபீசில் மனு கொடுத்துத் தேடச் சொல்லலாம்.

ஈ.சி.யில் வராதவை

வில்லங்கச் சான்று என்பது 1-ஆம் புத்தகத்தில் பதிவானவற்றின் பட்டியல்தான். உயில் அதில் வராது. பதிவான உயில்கள் 3-ஆம் புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவரது முகவருக்கோதான் நகல் கிடைக்கும். இறந்த பிறகு யார் கேட்டாலும் கிடைக்கும். போதாததற்கு, உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

வாரிசுப் பங்கும் அதில் தெரியாது. பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-இலும் மத்திய அரசு 2005-இலும் சட்டத்தைத் திருத்தின. அண்ணன் தம்பி மட்டும் கையெழுத்துப் போட்டு விற்ற இடத்தில், கல்யாணமாகிப் போன அக்கா பத்து வருஷம் கழித்து வழக்குப் போட்டால் ஈ.சி. உதவிக்கு வராது. வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஏற்கெனவே வழக்கு இருக்கிறதா என்பதை ‘இ-கோர்ட்ஸ்’ தளத்தில் தேடலாம். மாவட்டமும் நீதிமன்றமும் தேர்ந்தெடுத்து, விற்பவர் பெயரை வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் போட்டுப் பாருங்கள்.

பட்டா இருந்தால் உரிமை உறுதியா?

வருவாய்த்துறையின் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ மின்னணுச் சேவைத் தளத்தில் பட்டா, ‘அ’ பதிவேடு, புலப்படம் மூன்றும் கிடைக்கின்றன. பட்டா யார் பெயரில், எவ்வளவு பரப்பு, அரசு புறம்போக்கா என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். ஆனால் வருவாய்ப் பதிவேட்டில் பெயர் மாறுவதால் மட்டும் சொத்துரிமை வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1996 தீர்ப்பிலும் அதன் பிறகு பலமுறையும் சொல்லியிருக்கிறது. 1980-களில் நடந்த யு.டி.ஆர். எனும் நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டின்போது பெயரும் பரப்பும் தப்பாக ஏறிய இடங்களும் உண்டு. சந்தேகம் இருந்தால் யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டைத் தாலுகா ஆபீசில் கேளுங்கள்.

“பதிவு பண்ணிட்டாங்களே, அப்போ சரிதானே?”

இல்லை. தமிழ்நாடு பதிவு விதிகளின் 55ஏ(1) விதியை 2025 ஏப்ரலில் ரத்து செய்த உச்ச நீதிமன்றம், விற்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அல்ல என்று தெளிவாகச் சொன்னது. அவர் பார்ப்பது நடைமுறையையும் கட்டணத்தையும். உரிமையை ஆராயும் பொறுப்பு வாங்குபவர் தலையில்தான்.

கொடுக்க மறுத்தால்?

தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய்க் கட்டணம், காரணம் சொல்லத் தேவையில்லை, 30 நாளில் பதில். நகல் மட்டுமல்ல, கோப்பை நேரில் பார்க்கவும் கேட்கலாம். ஆனால் 2025 நவம்பரில் ஒரு மாற்றம் நடைமுறைக்கு வந்துவிட்டது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மூலம் 8(1)(ஜே) பிரிவு திருத்தப்பட்டு, ‘தனிப்பட்ட தகவல்’ என்ற ஒரே காரணத்தைச் சொல்லியே மறுக்க வழி கிடைத்திருக்கிறது. பொதுநலன் பெரிதென்றால் கொடுக்கலாம் என்னும் 8(2) இன்னும் இருக்கிறது. மேல்முறையீட்டில் அதைச் சுட்டிக்காட்டுங்கள். சொத்துப் பத்திரத்தைப் பொறுத்தவரை 57-வது பிரிவில் நேரடியாக நகல் கேட்பதே சுருக்கு வழி.

இத்தனையும் தேடி எடுக்க ஓரிரு நாள் ஆகும். எடுத்ததை ஒரு வழக்கறிஞரிடம் காட்டி எழுத்தில் கருத்து வாங்கிய பிறகு அட்வான்ஸ் பற்றிப் பேசுங்கள். “இன்னிக்கே கொடுக்கலைன்னா வேற பார்ட்டி ரெடியா இருக்கு” என்று தரகர் அவசரப்படுத்தினால், அந்த வேறு பார்ட்டிக்கே விட்டுக்கொடுத்துவிடலாம்.