சபை தாவுகிறவர்களுக்கும் சபையைவிட்டுத் துரத்துகிறவர்களுக்கும்

தியானப் பகுதி: 1 நாளாகமம் 15:16–24, 2 தீமோத்தேயு 4:9–11



சென்ற மாதம் ஆராதனை முடிந்தபின் நம் சபையின் மூத்த அங்கத்தினர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்துக் கேட்டார்: “ஐயா, பின்னால சுவரோரமா ஒரு தம்பி நாலு கம்பி கிடாரை வெச்சுக்கிட்டு நிக்கிறானே, அவன் வாசிக்கிறது எனக்கு ஒண்ணும் கேக்கலையே. கீபோர்டுலேயே எல்லாம் வருதாமே. அவனை எதுக்கு நிக்க வெச்சிருக்கீங்க?”

அடுத்த சனிக்கிழமை ஒத்திகைக்கு அவரை வரச் சொன்னேன். பாட்டின் நடுவில் வாசிப்பை நிறுத்தும்படி அந்தத் தம்பிக்குச் சைகை காட்டினேன். பாடகர்களில் பாதிப்பேருக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. ஆனாலும் தாளம் தளர்ந்தது. ஆண் குரல்கள் சுருதியைத் தேடின. பெரியவர் திரும்பிப் பார்த்தார். “இப்பதான் ஐயா கேக்குது” என்றார். வாசித்தபோது கேளாதது, நின்றபோது கேட்டது.

அவர் கேட்டது ஓர் இசைக்கருவியைப் பற்றி. எனக்கோ அது நம் சபைகளைப் பற்றிய கேள்வியாகவே இந்த மாதம் முழுவதும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. ஆகையால் இன்று சற்றுக் கடுமையாகவே எழுதப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வேதத்திற்கு வருவோம். தாவீது உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவந்தபோது வாசித்தவர்களின் பட்டியல் 1 நாளாகமம் 15-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நாம் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் பட்டியல் அது. அதில் 21-ஆம் வசனம், சிலர் ‘செமினீத்’ முறையில் சுரமண்டலம் வாசித்தார்கள் என்கிறது. அந்த எபிரெயச் சொல்லுக்கு ‘எட்டாவது’ என்று பொருள். அது தாழ்ந்த ஸ்தாயியைக் குறிக்கலாம் என்பது வேத அறிஞர் பலருடைய கருத்து. அப்படியானால் அவர்கள் கீழ்ச்சுரக்காரர்கள்.

அந்தக் கீழ்ச்சுரக்காரர்களில் ஒருவருடைய பெயர் ஓபேத்ஏதோம். ஊசா அடிபட்டு மரித்தபின், எல்லாரும் அஞ்சிய பெட்டியை மூன்று மாதம் தன் வீட்டில் வைத்திருந்தவனுடைய பெயரும் ஓபேத்ஏதோம்தான். இருவரும் ஒருவரா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஒருவரே என்று கொள்வோர் பக்கம் நானும் நிற்கிறேன். பெட்டி தன் வீட்டைவிட்டுப் போனபோது, ஆசீர்வாதம் முடிந்தது என்று அவன் வீட்டோடு இருந்துவிடவில்லை. அதன் பின்னாலேயே எருசலேமுக்குப் போனான். அங்கே கிடைத்த வேலை வாசல்காப்பதும் தாழ்ந்த சுரத்தில் வாசிப்பதும். அதை ஏற்றுக்கொண்டு நின்றான்.

இனி நீங்கள் எதிர்பாராத ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். டெல்லியில் ‘இந்தியன் ஓஷன்’ என்றொரு ராக் இசைக்குழு இருக்கிறது. அதன் பேஸ் கிடார் கலைஞர் ராகுல் ராம். நம் வீடுகளில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளைக் கேளுங்கள், சிலருக்காவது தெரிந்திருக்கும்.

“போதகர் ராக் இசைக்குழுவைப் பற்றி எழுதலாமா?” என்று சிலர் இதற்குள் முகம் சுளித்திருப்பீர்கள். நல்ல அயலானைக் காட்ட ஆண்டவர் யாரைத் தெரிந்துகொண்டார்? சமாரியனை. இஸ்ரவேலில் காணாத விசுவாசத்தை யாரிடம் கண்டார்? ரோம நூற்றுக்கதிபதியிடம். ராகுல் ராம் நம் சபையைச் சேர்ந்தவர் அல்லர். அவருடைய கருத்துகள் எல்லாவற்றையும் நான் ஏற்கவும் இல்லை. நம்மை வெட்கப்படுத்தும் ஒரு காரியம் அவரிடம் இருக்கிறது. அதற்காகவே அவரைச் சொல்கிறேன்.

அவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் நச்சியலில் முனைவர் பட்டம் பெற்றவர். நல்ல சம்பளத்தோடு எங்கேயாவது அமர்ந்திருக்கலாம். நாடு திரும்பி, நர்மதை அணையால் ஊரிழக்க இருந்த மக்களின் போராட்டத்தில் இணைந்தார். 1991-இல் இந்தியன் ஓஷன் குழுவில் சேர்ந்தார். அப்போது அந்தக் குழுவைத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். முதல் இசைத்தொகுப்பு 1993-இல் வந்தது. இரண்டாவது வர 1997 ஆயிற்று. அவர்களுக்குப் பெரும்பெயர் தேடித்தந்த ‘கந்தீஷா’ வெளிவந்தது 2000-ஆம் ஆண்டில். கணக்குப் பாருங்கள்: சேர்ந்தது முதல் ஒன்பது ஆண்டுகள். நம் பாடகர் குழுவில் மூன்று மாதத்திற்குள் தனிப்பாடல் கிடைக்காவிட்டால் நின்றுவிடுகிறவர்கள் உண்டு. ஒன்பது ஆண்டுகள் என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள்.

கந்தீஷா என்ற அந்தச் சொல் நமக்கு அந்நியமானதல்ல. ‘பரிசுத்தர்’ என்பதே அதன் பொருள். கேரளத்துச் சீரியக் கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாக ஜெபித்துவரும் பழைய ஜெபத்தின் சொல் அது. நம் ஆண்டவர் பேசிய அரமேயத்தின் கிளைமொழி அதன் மொழி. பூந்தமல்லியிலிருந்து மவுண்ட் சாலையைப் பிடித்துப் போனால் பரங்கிமலை வருகிறது. அப்போஸ்தலனாகிய தோமா இரத்தசாட்சியாய் மரித்த இடம் என்று நம் முன்னோர் காட்டிய மலை. அந்த மலையின் நிழலில் வாழும் நாம் மறந்துபோன ஒரு ஜெபத்தை, டெல்லியின் ராக் இசைக்குழு ஒன்று எடுத்துத் தேசமெங்கும் கேட்கச் செய்தது. இதில் பெருமைப்பட நமக்கு என்ன இருக்கிறது? வெட்கப்படத்தான் இருக்கிறது.

அந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரும் அதன் முதன்மைப் பாடகருமான அஷீம் சக்ரவர்த்தி 2009 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் நாளில், காலமானார். குழுவே முடிந்தது என்று கலைந்திருக்கலாம். கலையவில்லை. அவருடைய குரல் பதிவான பாடல்களை 2010-இல் மாதத்துக்கு ஒன்றாக இணையத்தில் இலவசமாகவே கொடுத்தார்கள். 2013-இல் தொடக்கம் முதல் இருந்த கிடார் கலைஞர் சுஸ்மித் சென்னும் விலகினார். புதியவர்கள் வந்தார்கள். ராகுல் ராம் நின்றார். அவர் மறைந்து நிற்கிறவர் அல்லர். மேடையில் பாடுகிறார், நகைச்சுவையாகவும் பேசுகிறார். ஆனாலும் 1991-இல் அவர் கைக்கு வந்த வேலை, குழுவின் கீழ்ச்சுரத்தைத் தாங்குவது, முப்பது ஆண்டுகளைக் கடந்தும் கைமாறவில்லை.

இப்பொழுது நம்மைப் பார்ப்போம். பாடியிலிருந்து பட்டாபிராம் வரை சி.டி.எச். சாலையின் இருபுறமும் தெருவுக்குத் தெரு சபைகள் எழும்பியிருக்கின்றன. சுவிசேஷம் அறிவிக்கப்படுவதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். ஆனால் அந்தப் புதிய சபைகளை நிரப்புகிறவர்கள் யார்? அம்பத்தூரில் ஞானஸ்நானம் பெற்று, ஆவடியில் உறுதிமொழி கொடுத்து, திருமுல்லைவாயிலில் இரண்டு ஆண்டு இருந்து, இப்போது பூந்தமல்லிக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருக்கிற விசுவாசிகள் எத்தனை பேர்! கேட்டால், “அங்க ஆவி பலமா இருக்கு ஐயா” என்கிறார்கள். உண்மைக் காரணம் எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். கமிட்டியில் இடம் கிடைக்கவில்லை. மைக் கிடைக்கவில்லை. அறிக்கை வாசித்தபோது நன்கொடையாளர் பட்டியலில் பெயர் விட்டுப்போயிற்று. பிள்ளையின் பிறந்தநாளுக்குப் போதகர் வீட்டுக்கு வரவில்லை.

கள்ள உபதேசத்தைக் கண்டு வெளியேறியவர்களை நான் குற்றப்படுத்தவில்லை. அதிகாரத்தில் இருந்தவர்களால் காயப்பட்டு வெளியேறியவர்களையும், வேலைமாற்றத்தால் வீடு மாறியவர்களையும் குற்றப்படுத்தவில்லை. நான் சொல்வது, ஒரு சிறு மனவருத்தத்தைத் தேவசித்தம் என்று பெயரிட்டுக்கொண்டு நடந்துவிடுகிறவர்களைத்தான். பவுலின் கடைசி நிருபத்தில் தேமா என்றொருவன் இருக்கிறான். இவ்வுலகத்தின் மேல் ஆசைவைத்துப் பவுலை விட்டுப் போனவன். அவனும் போகும்போது ஏதாவது நல்ல காரணம் சொல்லித்தான் போயிருப்பான்.

‘என்னில் நிலைத்திருங்கள்’ என்று ஆண்டவர் கட்டளையிட்டபோது, கொடியையும் கிளையையும் உவமையாகச் சொன்னார். கிளை வாரம் ஒரு கொடிக்கு மாறினால் அதில் கனி எப்படி வரும்?

சபை தாவுகிறவர்களைக் கடிந்துகொண்டதில் எங்களில் பலருக்கு, குறிப்பாகக் கமிட்டியாருக்கு, உள்ளுக்குள் மகிழ்ச்சியாக இருக்கும். அவசரப்படாதீர்கள். பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறேன்.

அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1976-இல் பள்ளி மாணவர்கள் தொடங்கிய ‘யூ டூ’ என்ற ராக் இசைக்குழு உலகப் புகழ் பெற்றது. அதன் பேஸ் கிடார் கலைஞர் ஆடம் கிளேட்டன். குழுவின் மற்ற மூவரும் இளவயதில் ஒரு கிறிஸ்தவ ஐக்கியத்தில் ஈடுபட்டவர்கள். இசையா விசுவாசமா என்று தடுமாறி, குழுவைவிட்டு விலகவும் அவர்களில் சிலர் யோசித்தார்கள். கிளேட்டன் அந்த ஐக்கியத்தில் சேரவில்லை. பிற்காலத்தில் குடிக்கு அடிமையானார். 1993 நவம்பர் 26 அன்று ஆஸ்திரேலியாவின் சிட்னியில், ஆயிரக்கணக்கானோர் காத்திருக்க, குடியின் காரணமாக அவரால் மேடை ஏற முடியவில்லை. அவருடைய கருவிகளைப் பராமரித்த உதவியாளரே அன்றிரவு அவருக்குப் பதிலாக வாசித்தார்.

அவரை நீக்குவதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டுமா? அவர்கள் நீக்கவில்லை. அடுத்த இரவே அவர் தம் இடத்தில் நின்று வாசித்தார். பின்னர் குடியை விட்டார். மற்றவர்கள் மீள உதவியதற்காக 2017-இல் அவருக்கு அமெரிக்காவில் ஒரு விருதும் அளிக்கப்பட்டது. அன்று அவரோடு மேடையில் நின்றவர்கள் யார் தெரியுமா? அதே மூவர்.

இதை வாசித்தபோது எனக்கு இரவில் உறக்கம் வரவில்லை. காரணத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேறொரு சபையில் ஊழியம் செய்தேன். அங்கே கிடார் வாசித்த ஓர் இளைஞன், தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு உறங்காமலே ஞாயிறு ஆராதனைக்கு வருகிறவன். ஒருநாள் ஒத்திகைக்குக் குடித்துவிட்டு வந்தான். கமிட்டி கூடியது. பதினைந்து நிமிடத்தில் முடிவெடுத்தோம். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் வீட்டுக்கு ஒருவரும் போகவில்லை. அந்தக் கூட்டத்திற்குத் தலைமை வகித்தவன் நான். கூட்டத்தை ஜெபத்தோடு முடித்தவனும் நான்.

சில ஆண்டுகளுக்குப் பின் அவனுடைய தாயாரை ஒரு துக்க வீட்டில் கண்டேன். தம்பி எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். “கிடாரை வித்துட்டான் ஐயா. இப்ப எந்தக் கோயிலுக்கும் போறதில்ல” என்றார்கள். அவர்கள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

“அப்படியானால் சபையில் ஒழுங்கு வேண்டாமா?” என்பீர்கள். வேண்டும். குடித்தவனைப் பீடத்தருகே நிறுத்தக் கூடாது. சில மாதம் அமர்ந்திருக்கச் சொல்வதே முறை. ஆனால் அமர்ந்திருக்கச் சொல்வது வேறு, வெளியே போகச் சொல்வது வேறு. அமர்ந்திருக்கிறவன் அருகே நாமும் அமர வேண்டும். அதற்கு நேரம் வேண்டும், கண்ணீர் வேண்டும். அதனால்தான் நமக்குத் தீர்மானப் புத்தகம் எளிதாகத் தோன்றுகிறது.

பம்பிலியாவில் விட்டுப்போன மாற்குவைப் பவுலும் ஒருகாலத்தில் சேர்த்துக்கொள்ள மறுத்தார். பர்னபா அவனைக் கைவிடவில்லை. முடிவில், தேமா போய்விட்டான் என்று எழுதிய அதே பவுல், அடுத்த வசனத்திலேயே மாற்குவை அழைத்து வரச் சொல்லுகிறார். ஊழியத்தில் அவன் தமக்குப் பயன்படுகிறவன் என்கிறார். பர்னபா இல்லாதிருந்தால் அந்த வசனம் இல்லை. நான் அன்று பர்னபாவாக இருக்கவில்லை.

ஆகையால், பிரியமானவர்களே, இந்த வாரம் இரண்டு காரியங்களைக் கேட்டுக்கொள்ளுகிறேன். போய்விடலாம் என்று மனதில் முடிவுசெய்திருப்பவர்களே, காரணத்தை ஒரு தாளில் எழுதி, அதைக் கர்த்தருக்கு முன் சத்தமாக வாசித்துப் பாருங்கள். வாசிக்க வெட்கமாக இருந்தால், இருந்த இடத்திலேயே இருங்கள். கமிட்டியாரே, கடந்த பத்து ஆண்டுகளில் நம்மைவிட்டுப் போனவர்களின் பெயர்களை நம் பதிவேட்டிலிருந்து எடுங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் கட்டட நிதிக்கு முன் அந்தப் பட்டியலையே பேசுவோம். அவர்கள் வீடுகளுக்கு நான் உங்களோடு வருகிறேன். நான் விரட்டிய அந்த இளைஞனின் வீட்டுக்கு முதலில் தனியாகப் போகிறேன். அவன் கதவைத் திறப்பானோ தெரியாது. எனக்காக ஜெபியுங்கள்.

பின்வரிசைத் தம்பியே, நீ இதை வாசிப்பாய் என்று அறிவேன். உன் சத்தம் கேட்கவில்லை என்று யாராவது சொன்னால் சோர்ந்துபோகாதே. ஓபேத்ஏதோமின் வரிசையில் நிற்கிறாய். நில்.

ஜெபம்: நிலைத்திருக்கிற தேவனே, நாங்கள் விட்டுப்போனபோதும் நீர் எங்களை விட்டுப்போகவில்லை. போகத் துடிக்கிற எங்கள் கால்களை நிறுத்தும். மற்றவர்களைத் துரத்துகிற எங்கள் கைகளைக் கட்டும். எங்களால் இழந்தவர்களைத் தேடிப்போகத் தைரியம் தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்