இலவசமா, விடுதலையா?

திறந்த மூல மென்பொருள் என்றதும் அதற்கு விலை கொடுக்க வேண்டியதில்லை என்பதே பலருடைய நினைவில் முதலில் எழுகின்றது. விலையில்லாத பொருளுக்குப் பொறுப்புமில்லை என்ற எண்ணம் அதன் பின்னாலேயே வந்து சேர்கின்றது. மென்பொருள் ஒழுங்காக இயங்கும் காலத்தில் அதனை நினைப்பாரில்லை. அது நின்றுபோன நாளிலோ, காசு கொடுத்து வாங்கியிருந்தால் இக்கதி நேர்ந்திராது என்ற தீர்ப்பு உடனே வழங்கப்பட்டுவிடும். இத்தீர்ப்பு எத்துணை மேற்போக்கானது என்பதை, அஞ்சற் சேவையகங்களிற் பரவலாகப் பயன்படும் கிளாம் ஏவி என்னும் வைரஸ் எதிர்ப்பு மென்பொருளின் வரலாறே காட்டிநிற்கும்.

போலந்து நாட்டவரான தொமாஷ் கொய்ம் தொடக்கிய இம்மென்பொருள் 2002இல் வெளிவந்தது. 2007இல் சோர்ஸ்பயர் நிறுவனம் இதனைத் தன்வசமாக்கியது. 2013இல் அந்நிறுவனத்தையே சிஸ்கோ வாங்கியது. எனினும் ஜி.பி.எல். உரிமத்தின்படி இதன் மூலநிரலை இன்றும் எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். சேவையகத்துக்கு வரும் மடலைப் போஸ்ட்பிக்ஸ் போன்ற அஞ்சல் மென்பொருள் ஏற்று, கிளாம்டி என்னும் சோதனை நிரலிடம் ஒப்படைக்கின்றது. கிளாம்டி, அறியப்பட்ட வைரஸ்களின் அடையாளக் குறிகளோடு அதனை ஒப்பிட்டு முடிவு கூறுகின்றது. அக்குறிகளைப் பிரெஷ்கிளாம் என்னும் மற்றொரு நிரல் மையத்திலிருந்து இடையறாது பெற்றுத் தருகின்றது. இங்கேதான் அடிப்படை முரண்பாடொன்று உள்ளது. நிரல் எல்லோர்க்கும் பொதுவுடைமை. அந்நிரலை நாள்தோறும் வாழவைக்கும் தரவோ ஒரே கையிலிருந்து வருவது.

இம்முரண்பாடு 2010 ஏப்ரல் 15ஆம் திகதி வெடித்தது. 0.95இற்கு முந்திய பதிப்புகளின் பிரெஷ்கிளாமில் ஒரு வழு இருந்தது. 980 பைற்றுக்கு மேற்பட்ட நீளமுடைய குறிகளை அவற்றாற் படிப்படியான இற்றைப்படுத்தல் மூலம் ஏற்க இயலவில்லை. பழைய பதிப்புகளின் காலம் முடிவடையும் என ஆக்குநர்கள் 2009 ஒக்டோபரிலேயே அறிவித்தனர். ஆறு மாதம் கழித்து, அப்பதிப்புகளை இயங்காமற் செய்யும் சிறப்புக் குறியொன்றைத் தரவோடு அனுப்பினர். பழைய கிளாம்டிகள் நின்றன. அவற்றை நம்பியிருந்த பல சேவையகங்களில் அஞ்சலும் நின்றது.

இதனையொட்டி எழுந்த வாதத்தில் இரு தரப்பும் பாதி உண்மையையே பேசின. ஆறு மாத அவகாசம் அளித்தோம் என்றனர் ஆக்குநர் தரப்பினர். அவகாசம் அளித்தமை மெய்யே. ஆயினும் வழங்கலை நிறுத்துவது வேறு, பிறர் கையிலுள்ள கருவியை உடைப்பது வேறு. கிணற்றுக்காரன் இனித் தண்ணீர் தரமாட்டேன் எனலாம். அயலவன் வீட்டுக் குடத்தை உடைக்க அவனுக்கு உரிமையில்லை. ஆதரவுக் காலம் கடந்த பதிப்புகளுக்குத் தரவிறக்கத்தை மறுத்தலே பின்னாளில் இத்திட்டத்தின் கொள்கையாயிற்று. முன்னைய வழி தவறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மறுதரப்பினரோ, இலவசப் பொருளை நம்பியதன் பலன் இது என்றனர். அந்நிகழ்வு நடந்து ஆறே நாளில், ஏப்ரல் 21ஆம் திகதி, விலைக்கு விற்கப்படும் மக்கபீ மென்பொருளின் இற்றைப்படுத்தலொன்று, விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பொன்றை வைரஸ் எனப் பிழையாகக் கொண்டு அகற்றிக் கணினிகளை முடக்கியது. 2024 ஜூலை 19இல் கிரவுட்ஸ்ரைக் நிறுவனத்தின் இற்றைப்படுத்தலொன்றால் ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன என மைக்ரோசொப்ற் மதிப்பிட்டது. விலை கொடுத்தோர்க்குக் கிடைத்த பாதுகாப்பு யாது? மையத்திலிருந்து தரவு பெறும் எந்த மென்பொருளுக்கும் இவ்வாபத்து உண்டு. காசு அதனை நீக்குவதில்லை.

ஆயின் வேறுபாடு எங்கே உள்ளது? பழுது நேர்ந்தபின் பயன்படுத்துவோன் என்ன செய்யக்கூடும் என்பதிலேயே உள்ளது. மூடிய மென்பொருளை வாங்கியவன் விற்றவனின் விளக்கத்துக்காகக் காத்திருக்கிறான். கிளாம் ஏவியை இயக்குபவனுக்கோ நிரலும் நிகழ்வுப் பதிவேடும் திறந்தே கிடக்கின்றன. 2010இல் நின்றுபோன கிளாம்டியின் பதிவேட்டிலேயே, இப்பதிப்பின் காலம் முடிந்தது, புதியதற்கு மாறுக என்ற செய்தி எழுதப்பட்டிருந்தது. அதனைப் படிப்போர் இல்லாமையே பல இடங்களிற் பழுதை நீட்டியது.

ஏனைய பழுதுகளும் இத்தகையனவே. கிளாம்டி திடீரென மறைந்துபோவதற்கு நினைவகப் பற்றாக்குறை ஒரு முக்கிய காரணமாகும். குறிகள் யாவற்றையும் அது நினைவகத்திற் சுமந்திருப்பதால், குறைந்தது 3 கிகாபைற்று வேண்டுமென அதன் கையேடு கூறுகின்றது. 2020இல் வெளிவந்த 0.103 பதிப்பு முதல், புதிய குறிகளை ஏற்றும்போது பழையனவும் உடனிருப்பதால் தேவை சிறிது நேரம் இரட்டிக்கின்றது. அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் இதனைத் தவிர்க்கலாம். ஏற்றி முடியும்வரை சோதனை காத்திருக்கும், அவ்வளவே. சங்கிலி முழுவதும் இயங்குகின்றதா என்றறிய, 68 எழுத்துக்குறிகளாலான தீங்கற்ற ஐகார் சோதனைக் கோப்பைத் தமக்கே அனுப்பிப் பார்த்தல் போதும். கிளாம்டி நின்றால் மடல்களைப் பின்னர் அனுப்புமாறு திருப்புவதே வழமையான ஒழுங்கு. அனுப்பிய சேவையகம் போஸ்ட்பிக்ஸாயின், இயல்பான அமைப்பில் ஐந்து நாள்வரை அவற்றை வரிசையில் வைத்திருக்கும். அப்பொறுமையின்றி, சோதியாமலே உள்ளே விடுமாறு அமைப்பை மாற்றிவிட்டு மறந்துபோவோரும் உளர். காவலாளி மயங்கி விழுந்தானென்று கதவையே கழற்றி வைக்கும் அறிவீனம் அது.

இவை எவையும் மேதைமையை வேண்டுவன அல்ல. அன்றாடக் கவனத்தையே வேண்டுவன. அக்கவனமும் உழைப்பே. ஆனால் நிறுவனங்கள் இயந்திரத்துக்குப் பணம் ஒதுக்குகின்றன. அதனைப் பார்த்துக்கொள்ளும் மனிதருக்கு ஒதுக்குவதில்லை. மென்பொருள் இலவசமென்றால் அதனைப் பேணும் உழைப்பும் இலவசமென்று கணக்கிடுவது சுரண்டலன்றி வேறில்லை. பொதுச் சொத்தை மதியாமையும் இதன் மறுபக்கமே. மாற்றங்களை மாத்திரம் பெற வழியிருந்தும், முழுத் தரவையும் மீண்டும் மீண்டும் இறக்கியோரின் மிகையால் 2021இல் தரவிறக்கத்துக்குக் கட்டுப்பாடுகள் விதிக்க நேர்ந்தது.

உரிமம் விடுதலையை எழுத்தில் தருகின்றது. அதனை நடைமுறையாக்குவது அறிவும் உழைப்பும். பதிவேட்டைப் படிக்கத் தெரிந்த ஒருவரை உருவாக்கி, அவருக்கு நேரமும் ஊதியமும் மதிப்பும் அளிக்கும் நிறுவனமே திறந்த மூலத்தின் பயனைப் பெறும். அதனைச் செய்யாத நிறுவனம் காசு கொடுத்தாலும் அடிமை; கொடாவிடினும் அடிமை.