மலை ஏறுமுன் நாடி பாருங்கள்

சுந்தரபாண்டியத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வரை அதிகாலையில் நடைப்பயிற்சி செய்வோரில் சிலர் இப்போது இருதயத் துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரத்தை அணிந்து நடக்கிறார்கள். அது காட்டும் எண் சற்று ஏறினால் கலங்கி நிற்பதும், ஏறாவிட்டால் நடந்ததெல்லாம் வீண் என்று விசனப்படுவதும் சகஜமாகி வருகின்றன. அந்த எண்ணுக்கு அவ்வளவு அதிகாரம் கொடுப்பது உசிதமன்று என்பது என் திடமான அபிப்பிராயம்.

220-லிருந்து வயதைக் கழித்தால் வருவது உச்சத் துடிப்பு என்றும், அதில் பாதி முதல் நூற்றுக்கு எழுபது பங்கு வரை நடைக்கு உகந்தது என்றும் சொல்லும் கணக்குப்படி, 60 வயதுக்காரருக்கு நிமிஷத்துக்கு 80 முதல் 112 வரை துடிக்கலாம். 2001-இல் தனகா முதலிய ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட சூத்திரப்படியோ அவருடைய உச்சம் 160 அன்று, 166. இரண்டும் பலருடைய சராசரியேயன்றி, எந்தத் தனி மனிதனின் இருதயத்தையும் சோதித்து எழுதப்பட்டவையல்ல. ஒரே வயதினர் இருவரிடையே பத்திருபது துடிப்பு வேறுபடுவது இயற்கை. ரத்த அழுத்தத்துக்காக அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகளை உண்பவருக்கு, எவ்வளவு சிரமப்பட்டாலும் நாடி அதிகம் ஏறாதாகையால், அந்த எண் பொய்யான தைரியத்தையே அளிக்கும்.

நம்பத்தக்க சாட்சி சுவாசமே. நடக்கும்போது தடையின்றிப் பேச முடிந்து, ஆனால் பாட்டுப் பாட மூச்சுப் போதாமலிருந்தால், அது மிதமான தேகாப்பியாசம். அதைவிட முக்கியமென்று நான் கருதுவது, நின்றபின் நாடி எவ்வளவு விரைவில் தணிகிறது என்பது. 1999-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, கடும் உழைப்பு முடிந்த முதல் நிமிஷத்தில் 12 துடிப்புக்கு மேல் குறையாதவர்களுக்குப் பின்னாளில் மரண அபாயம் அதிகமாயிருந்ததைக் காட்டிற்று. இதை அறியத் துடிப்பைக் காட்டும் கடிகாரம் தேவையில்லை. நின்றவுடனும் ஒரு நிமிஷம் கழித்தும், கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் போதும்.

இந்த ஞானம் மிகவும் பயன்படும் இடம் நமக்கு மேற்கே நிற்கும் சதுரகிரி மலை. ஆடி அமாவாசைக்கு அடிவாரத்துத் தாணிப்பாறையிலிருந்து மலைக்கோயிலின் சுந்தரமகாலிங்கத்தைத் தரிசிக்க ஏறுவோரில், வருஷம் முழுவதும் சமதரையில்கூட நடவாதவர்களும் உண்டு. ஏற்றத்தில் கால் தசைகள் அதிக ரத்தத்தைக் கேட்கின்றன. வெயிலில், உடல் சூட்டைத் தணிக்கத் தோலும் தன் பங்கைக் கேட்கிறது. வியர்வையால் நீர் வற்றிவிட்ட தேகத்தில் இவ்விரண்டையும் நிறைவேற்ற இருதயம் சமதரை நடையைவிட வெகு வேகமாக அடிக்க நேர்கிறது. அந்த மலைப்பாதையில் மாரடைப்பால் உயிர் நீத்த பக்தர்களைப் பற்றிய செய்திகளை நாம் பல முறை படித்து வருந்தியிருக்கிறோம்.

ஆகவே, யாத்திரை செய்ய நினைப்பவர்கள் சில வாரங்களுக்கு முன்பே தினமும் நடந்து பழகுங்கள். சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டபின் புறப்படுங்கள். வழியில் நெஞ்சு கனத்தாலோ, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினாலோ, காரணமின்றிக் குளிர்ந்து வியர்த்தாலோ, கடிகாரம் எந்த எண்ணைக் காட்டினும் மேலே ஓர் அடியும் வையாமல் அங்கேயே உட்கார்ந்து, உடன் வருவோரை உதவிக்கு அழையுங்கள்.