எதிர் வழக்கும் பனிப்போரும்

‘அமெரிக்காவும் ரஷ்யாவும் நாப்பது வருசத்துக்கு மேல மொறச்சிக்கிட்டு நின்னாங்க. ஒருத்தர்மேல ஒருத்தர் ஒரு குண்டு போட்டாங்களா? உங்க ஊர்லயும் ரெண்டு தரப்பும் அப்படிப் பொறுமையா இருந்துட்டா என்ன சார்?’

காளப்பநாயக்கன்பட்டி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இதைக் கேட்டவர் சாதி வெறியர் அல்ல. என்னோடு ஒரே வங்கிக் கிளையில் வேலை பார்ப்பவர், பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிப்பவர். எனக்கு அப்போது வாய் வரவில்லை. இப்படிப்பட்ட நல்லவர்கள் நிறைய இருப்பதால் பதிலை இங்கே எழுதுகிறேன்.

அது பொறுமை அல்ல, பயம். அவனை அடித்தால் நானும் சாவேன் என்ற கணக்கு இரண்டு பக்கமும் இருந்தது. அந்தக் கணக்கு நீள நீள மனசு திருகிப் போகிறது. துருக்கியில் அமெரிக்கா நிறுத்திய ஏவுகணை ‘பாதுகாப்பு’. 1962இல் கியூபாவில் சோவியத் நிறுத்தியது ‘ஆக்கிரமிப்பு’. 13 நாள் உலகத்தையே உயிரைக் கையில் பிடிக்கவைத்துவிட்டு இருவரும் பேசி முடித்தார்கள். கியூபாவிலிருந்து எடுப்பது வெளிப்படையாக, துருக்கியிலிருந்து எடுப்பது ரகசியமாக. யார் மண்ணில் ஏவுகணை நின்றதோ அந்தக் காஸ்ட்ரோவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. குண்டு போட்டுக்கொள்ளவில்லையாம்! வியட்நாம்காரனைக் கேளுங்கள். கொரியாக்காரனை, ஆப்கானியனைக் கேளுங்கள். வல்லரசுகளின் ‘அமைதி’க்குப் பிணம் கொடுத்தவர்கள் இவர்கள்.

சரி, அங்கேயாவது வல்லரசு இரண்டு. எங்கள் ஊரில்? நிலம், கோயில், கிணறு, களம், கூலி கொடுக்கிற கை எல்லாம் ஒரே பக்கம். இந்தப் பக்கம் இருப்பது சுடுகாடும் அதற்குப் போகவிடாத பாதையும். இது மோதல் அல்ல, முற்றுகை. ‘இரு தரப்பு மோதல்’ என்று எழுதுகிற பேனா இந்த முற்றுகையை மறைக்கிறது. சேரிக்காரன் புகார் கொடுத்த அன்று சாயங்காலமே அவன்மேல் எதிர் வழக்கு தயாராகிவிடும். பிறகு, ‘ரெண்டு கேஸையும் வாபஸ் வாங்கிக்குங்கப்பா.’ இல்லாத சமநிலையைக் காகிதத்தில் உண்டாக்கும் வித்தை. நான் குமாஸ்தா. பற்றும் வரவும் டேலி ஆகாவிட்டால் ராத்திரி எட்டு மணியானாலும் உட்கார்ந்து தேடுவோம். இல்லாத தொகையை எழுதி நேர்செய்தால் அது மோசடி, வேலை போகும். ஸ்டேஷனில் அதற்குச் சமாதானம் என்று பெயர்.

இவ்வளவு சத்தம் போடுகிற நானும் அப்படியொரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டவன்தான். சில வருசத்துக்கு முன்பு, சுடுகாட்டுப் பாதைத் தகராறில் சமாதானக் கூட்டம். ‘நீங்க படிச்சவங்க, நாலும் தெரிஞ்சவங்க’ என்று நாற்காலி போட்டார்கள். நாற்காலி! ‘இரு தரப்பாரும் தற்போதைய நிலையிலேயே அமைதி காப்போம்’ என்று எழுதியிருந்தது. தற்போதைய நிலை என்றால் பிணத்தை வாய்க்காலில் இறங்கித் தூக்கிப் போவது. தெரிந்தே போட்டேன். தெருவுக்குத் திரும்பியதும் ஒரு கிழவி கேட்டாள்: ‘ஏங்கண்ணு, அதுல அவங்க எதை விட்டுக்குடுத்தாங்க?’

நெடுங்கால முற்றுகை ஆதிக்க மனசை மட்டும் திருகுவதில்லை. என்னையும் திருகியிருக்கிறது. வாங்கின அடிக்கு ‘பிரச்சினை வேண்டாம்’ என்று பெயர் வைத்து, சும்மா இருப்பதை முதிர்ச்சி என்று நம்பியவன் நான்.

1989 நவம்பரில் பெர்லின் சுவர் திறந்தது. அதே ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் ஒரு சுவர் எழுந்தது, சுமார் 600 மீட்டர். முன்னதை உலகமே அறியும். பின்னது இருபது வருசம் நின்றது, பக்கத்து மாவட்டத்துக்கே தெரியாது. சுவர்மேல் மின்கம்பி ஓடியது 2008இல் அம்பலமாகி, போராட்டம் வெடித்து, மே 6ஆம் தேதி ஒரு பகுதியை இடித்தார்கள். ஒரு வழிதான் திறந்தது. அதற்கே ஆதிக்க சாதியினர் ரேஷன் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மலையடிவாரத்துக்குப் போய்விட்டார்கள். தான் கட்டிய சுவர் தற்காப்பு, எதிராளி நடந்துபோவது படையெடுப்பு! அதே துருக்கி-கியூபா மனசு. அந்த நவம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஒரு தலித் இளைஞர் செத்தார். முத்தாலம்மன் கோயிலுக்குள் தலித்துகள் போனது 2011இல். இதில் எந்த இடத்தில் பொறுமை கதவைத் திறந்தது?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் 1989இல் வந்ததுதான். 2015 திருத்தம் சுடுகாட்டையும் பாதையையும் பேர் சொல்லியே சேர்த்திருக்கிறது, தடுத்தால் குற்றம். அதைக் கையில் எடுத்தால் ‘தூண்டிவிடுறான்’ என்கிறார்கள். எங்களிடம் இருக்கிற ஒரே ஆயுதம் அது. அதையும் கீழே போடச் சொல்வதுதான் உங்கள் ஆயுதக் குறைப்பா?

போன மாசம் மறுபடி மனு எழுதினோம். பாதையின் சர்வே எண், தடுத்தவர்கள் பெயர், தேதி எல்லாம் இருக்கிறது. ‘இரு தரப்பு’ என்ற வார்த்தை ஓர் இடத்திலும் இல்லை. முதலில் கிழவியின் கைநாட்டு, அடுத்து என் கையெழுத்து. எதிர் வழக்கு வரும், வரட்டும். டீக்கடை நண்பருக்கு ஒரு ஜெராக்ஸ் கொடுத்திருக்கிறேன். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.