பட்டாவில் இல்லாத பெயர்கள்

சேலம்–சென்னை எட்டு வழிச் சாலை என்றதும் தென்னந்தோப்புகளுக்கு நடுவே நடப்பட்ட எல்லைக் கற்களும், அதைத் தடுத்த விவசாயிகள் கைது செய்யப்பட்டதும்தான் நம் நினைவுக்கு வரும். அந்த வழக்கின் தீர்ப்பில் பட்டாவைப் பற்றிய ஒரு சிறு பகுதி இருக்கிறது. ஊடகங்கள் அதை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. சொத்து வைத்திருக்கும் குடும்பங்கள், குறிப்பாக நம் குடும்பங்கள், அதைத்தான் முதலில் படித்திருக்க வேண்டும்.

2018-ல் அறிவிக்கப்பட்ட, சுமார் 277 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சாலைக்கு 1956-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி நிலம் எடுக்க முனைந்தார்கள். அந்தச் சட்டத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு. பிரிவு 3ஏ-ன் அறிவிப்பு என்பது 'எடுக்கப் போகிறோம்' என்று சொல்வது மட்டுமே. அதிலிருந்து 21 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பிரிவு 3டி-ன் பிரகடனம் வெளியான பிறகுதான் நிலம் மத்திய அரசுக்குச் சொந்தமாகும். இங்கோ முதல் அறிவிப்பை மட்டும் வைத்துக்கொண்டு வருவாய்ப் பதிவேடுகளில் உரிமையாளர் பெயரையே மாற்றிவிட்டார்கள்.

2019 ஏப்ரல் 8-ல் சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிப்பை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை மாற்றி, அறிவிப்பு செல்லும் என்றது. விவசாயிகளுக்கு அது பெரிய ஏமாற்றம். ஆனால் பதிவேட்டில் பெயர் மாற்றிய விஷயத்தில் மட்டும் உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றத்தோடு ஒத்துப்போனது. உரிமை சட்டப்படி கைமாறாதபோது பெயரை மட்டும் மாற்றியது செல்லாது, பழைய உரிமையாளர்களின் பெயரையே திரும்பச் சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டது.

பட்டா, சிட்டா, அடங்கல் ஆகியவை வரி வசூலுக்காகவும் அனுபவத்தைக் காட்டவும் வைக்கப்படும் பதிவுகள். அவை ஒருவரை உரிமையாளர் ஆக்குவதும் இல்லை, இருக்கும் உரிமையைப் பறிப்பதும் இல்லை. இதை நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. பட்டாவில் பெயர் ஏறியதால் மத்திய அரசே உரிமையாளர் ஆகிவிட முடியாது என்றால், மூத்த அண்ணன் மட்டும் எப்படி ஆக முடியும்?

சேலம், ஓமலூர், ராசிபுரம், நாமக்கல், பரமத்தி வேலூர் என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் இந்தக் கதை தெரிந்ததுதான். அத்தா மவுத்தாகி இருபது வருடம் ஆகியிருக்கும். பட்டா இன்னும் அவர் பெயரில் இருக்கும், அல்லது மகன்கள் பெயருக்கு மட்டும் மாறியிருக்கும். கட்டிக்கொடுத்த பெண்களின் பெயர் எங்கும் இருக்காது.

ஷரீஅத் சட்டப்படி, ஒருவர் இறந்த அந்தக் கணமே அவருடைய வாரிசுகள் அனைவருக்கும் பங்கு வந்துவிடுகிறது. அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் போக மீதமுள்ளதில் அவரவர் பங்கு அவரவருக்கு. பத்திரம் எழுதினால்தான் வரும் என்பதில்லை. ஒருவர் 3 ஏக்கர் 20 சென்ட் விட்டுச் சென்றார், மனைவியும் ஒரு மகனும் இரண்டு மகள்களும் இருக்கிறார்கள், அவருடைய பெற்றோர் முன்பே இறந்துவிட்டார்கள், கடனும் வஸிய்யத்தும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 40 சென்ட். மீதி 280 சென்டில் மகனுக்கு 140, மகள்களுக்குத் தலா 70. பட்டா மகன் பெயரில் மட்டும் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அவர் 320 சென்டையும் விற்றால், தனக்கு உரிமையில்லாத 180 சென்டையும் சேர்த்து விற்கிறார் என்று பொருள்.

விவசாய நிலத்துக்கு ஷரீஅத் பொருந்தாது என்று சிலர் இன்றும் சொல்லித் திரிகிறார்கள். 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்தது உண்மைதான். ஆனால் 1949-லேயே சென்னை மாகாணம் அந்த விலக்கைத் திருத்தம் மூலம் நீக்கிவிட்டது. உத்தரப் பிரதேசத்தில் விவசாய நிலத்தின் வாரிசுரிமையை இன்னும் மாநில வருவாய்ச் சட்டம் தீர்மானிக்கிறது. அந்த நிலை நம் பெண்களுக்கு இல்லை. சட்டம் எழுபது வருடத்துக்கு முன்பே கொடுத்ததை வீட்டில்தான் கொடுக்கவில்லை.

நில எடுப்பு வரும்போது இந்தப் பழைய குறை பணமாக வெளியே வருகிறது. நோட்டீஸ் பட்டாதாரர் பெயருக்கு வரும். இழப்பீடும் பெரும்பாலும் அவர் கணக்குக்கே போகும். நெடுஞ்சாலைச் சட்டத்தில் சகோதரிக்கு வழி இல்லாமல் இல்லை. இழப்பீட்டை நிர்ணயிக்கும் முன் இரண்டு நாளிதழ்களில், அவற்றில் ஒன்று உள்ளூர் மொழியில், அறிவிப்பு வெளியிட்டு, நிலத்தில் உரிமை கோரும் எல்லோரையும் அழைக்க வேண்டும். யாருக்கு எவ்வளவு என்பதில் தகராறு வந்தால் விஷயம் சிவில் நீதிமன்றத்துக்குப் போகும். ஆனால் திருப்பூரிலோ பெங்களூரிலோ இருக்கும் தங்கை அந்த நாளிதழைப் பார்த்திருக்க வேண்டுமே! பணம் கொடுக்கப்பட்ட பிறகு அவளுக்கு மிஞ்சுவது கூடப்பிறந்தவன் மீதே வழக்குப் போடும் வழி. எத்தனை பெண்கள் அதற்குத் துணிவார்கள்?

'கல்யாணத்துக்கு நகை போட்டோம், சீர் செய்தோம், அதோடு சரி' என்பது வழக்கமான பதில். சட்டத்திலும் இதற்கு இடமில்லை, மார்க்கத்திலும் இல்லை. சொத்து குறைவோ அதிகமோ பெண்ணுக்குப் பங்கு உண்டு என்று அந்நிஸா அத்தியாயம் தெளிவாகச் சொல்லிவிட்ட பிறகு, நகையைக் காட்டிக் கழிக்க நாம் யார்?

'அவளே விட்டுக்கொடுத்துவிட்டாள்' என்பது அடுத்தது. அத்தா உயிரோடிருக்கும்போது, இனி வரப்போகும் பங்கை வேண்டாம் என்று ஒரு மகள் சொல்வது பொதுவாக அவளைக் கட்டுப்படுத்தாது, அப்போது அவளுக்குப் பங்கே உருவாகவில்லை. பிரதிபலனாக எதையாவது பெற்றுக்கொண்டிருந்தால் மட்டும் நீதிமன்றம் வேறு விதமாகப் பார்க்கக்கூடும். அவர் இறந்த பிறகு நிலப் பங்கை விட்டுக்கொடுப்பதென்றால் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். அதிலும், நாற்பது பேர் கூடிய இடத்தில் வெட்கத்துக்கு அஞ்சிப் போட்ட கையெழுத்தை மனமொப்பிய விட்டுக்கொடுத்தலாக நம்மால் ஏற்க முடியவில்லை.

அரசிடம் நாம் நிறையவே கேட்கிறோம், கேட்கவும் வேண்டும். சொத்துரிமை இப்போது அடிப்படை உரிமை அல்ல. 1978-ன் 44-ஆவது திருத்தம் அதை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்து 300ஏ பிரிவில் வைத்தது. ஆனாலும் சட்டத்தின் அதிகாரமின்றி எவருடைய சொத்தையும் பறிக்கக் கூடாது. 2024 மே மாதம் கொல்கத்தா மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் விரித்தது. முன்கூட்டியே நோட்டீஸ், ஆட்சேபத்தைக் கேட்டல், காரணம் சொல்லும் முடிவு, பொது நோக்கம், நியாயமான இழப்பீடு என்று ஏழு உரிமைகளை அது எண்ணிக் காட்டியது. நோட்டீஸ் தராமல், ஒரு வார்த்தை கேட்காமல், இழப்பீடும் இல்லாமல் சகோதரியின் பங்கை எடுத்துக்கொள்ளும் குடும்பத்தை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எட்டு வழிச் சாலை இன்னும் வரவில்லை. ஆனால் சேலம் விமான நிலைய விரிவாக்கத்துக்காகக் காமலாபுரம் பகுதியிலும், சிப்காட்டுக்காக மோகனூர் அருகே வளையப்பட்டியிலும் நிலம் எடுக்கும் பேச்சு எழுந்து, விவசாயிகள் எதிர்ப்பும் கிளம்பியது. நோட்டீஸ் வந்த பிறகு வாரிசுகளைத் தேடினால் நேரம் போதாது.

செய்ய வேண்டியது பெரிய காரியம் அல்ல. தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, இ-சேவை மையம் வழியாகவே எல்லா வாரிசுகளின் பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பிக்கலாம். பங்கு பிரிக்க மனமிருந்தால் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்யலாம். நிக்காஹ் பதிவேட்டில் மஹர் தொகையை எழுத்தாலும் எண்ணாலும் எழுதச் சொல்லும் நம் ஜமாஅத்துகள், ஒரு வீட்டில் மவுத் நடந்து நாற்பது நாள் கழிந்ததும் 'வாரிசுச் சான்றிதழ் வாங்கிவிட்டீர்களா, அதில் பெண்மக்கள் பெயர் இருக்கிறதா' என்று கேட்கலாம். சில ஊர்களில் இமாம்கள் ஜும்ஆவுக்குப் பிறகு உட்கார்ந்து பங்குக் கணக்கு போட்டுத் தருகிறார்கள். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அடுத்த வேலை நாளிலேயே தாலுகா அலுவலகத்துக்குப் போக வேண்டும்.